அண்டாவில் வெட்டிய பெயர்

ஐகானை இரண்டு முறை தட்டினால் மவுஸ் அம்புக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் சுற்றும், அப்புறம் ஒன்றுமே நடக்காது. பிழைச் செய்தி எதுவும் வராது. லினக்ஸ் மேசைக் கணினியில் ஒரு ஷேர்டு லைப்ரரி (பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் கோப்பு) இல்லாமல் போனால் பெரும்பாலும் முதலில் தெரிவது இந்த மௌனம்தான். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் ஜன்னலைத் திறந்து அதே மென்பொருளை அங்கிருந்து ஓட்டினால்தான் இன்ன கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஒற்றை வரியில் காரணம் வரும். அந்த ஒற்றை வரியை நான் பல வருடமாகத் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தேன். 2023 தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு விருதுநகரில் என் மாமாவின் அலுவலகத்தில் நடந்த ஒரு காரியம்தான் அதைப் புரியவைத்தது. இன்னும் அது மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

மாமா சாலை, சிறு பாலம், வாய்க்கால் கரை என்று சின்னச் சின்ன அரசு வேலைகளை டெண்டர் எடுத்துச் செய்கிறவர். அலுவலகத்தில் ஒரே ஒரு கணினி. பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்து இரண்டு முறை கணக்குக் கோப்புகள் நாசமானபிறகு அதில் உபுண்டு என்ற லினக்ஸின் 18.04 பதிப்பைப் போட்டுக் கொடுத்தது நான்தான். டெண்டர் போட டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், அது ஒரு யூஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது. மாமா அதைக் கீ என்பார், வீட்டுச் சாவிக் கொத்திலேயே கோத்து வைத்திருப்பார். ஊருக்கு வந்து இறங்கிய மறுநாள் காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து போன். "மாப்ள, கீயைச் சொருகினா ஒண்ணும் வரமாட்டேங்குது. மூணு மணிக்கு டெண்டர் மூடிருவாங்க." முந்தின வாரம்தான் கையெழுத்துப் போடும் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது, அலுவலகத்துத் தம்பி அதை நிறுவியிருந்தான்.

போய் டெர்மினலில் ஓட்டிப் பார்த்தேன். லிப்பிசிஎஸ்சிலைட்.எஸ்ஓ.1 என்ற கோப்பு இல்லை என்றது. ஸ்மார்ட் கார்டு, டோக்கன் போன்றவற்றோடு பேச உதவும் லைப்ரரி அது. மென்பொருள் பொதிகளை நிறுவும் ஏபிடி கட்டளை வழியாக அந்த லைப்ரரியின் பொதியை நிறுவினேன், இரண்டு நிமிட வேலை. இப்படித்தான் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று இப்போதும் சொல்வேன்: எந்தப் பொதியில் அந்தக் கோப்பு இருக்கிறது என்று தேடி, உங்கள் லினக்ஸின் களஞ்சியத்திலிருந்தே எடுத்துப் போடுவது. எல்டிடி என்ற கட்டளை ஒரு மென்பொருளுக்கு என்னென்ன லைப்ரரி தேவை, எது கிடைக்கவில்லை என்று வரிசையாகக் காட்டிவிடும். (நம்பிக்கையில்லாத இடத்தில் இறக்கிய கோப்பின்மேல் மட்டும் எல்டிடியை ஓட்டாதீர்கள். சில நேரம் அது அந்தக் கோப்பையே இயக்கிவிடும். ரீட்எல்ஃப் என்ற கருவி வெறுமனே படித்துச் சொல்லும், அது போதும்.) முதல் முடிச்சு இவ்வளவு சுலபமாக அவிழ்ந்ததில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை வேறு வரி: லிப்சி.எஸ்ஓ.6-இல் ஜிலிப்சி 2.34 என்ற பதிப்பு இல்லை.

லிப்சி என்பது சி மொழியின் அடிப்படை லைப்ரரி. உபுண்டுவில் இருக்கும் லிப்சியின் பெயர் ஜிலிப்சி. கோப்பைத் திறப்பது, நினைவகம் கேட்பது, திரையில் ஒரு வரி எழுதுவது என்று கணினியில் ஓடும் ஏறக்குறைய எல்லா நிரலும் அதை நம்பித்தான் ஓடுகிறது. உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27. புது மென்பொருளைச் செய்தவர்கள் 22.04 போன்ற புதிய அமைப்பில் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று அந்த 2.34-ஐப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் பையில் 22.04 ஓடும் மடிக்கணினி இருந்தது. அதற்குள் ஜிலிப்சி 2.35 இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. 2013-இல் உபுண்டு 13.04 வந்தபோது லிப்யூடெவ்.எஸ்ஓ.0 என்ற லைப்ரரியை எடுத்துவிட்டு லிப்யூடெவ்.எஸ்ஓ.1-ஐ மட்டும் வைத்திருந்தார்கள். பழையதைக் கேட்ட மென்பொருள்கள் எல்லாம் நின்றன. அப்போது எல்லோரும் செய்தது, புதிய கோப்புக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்) போட்டுவிடுவது. நானும் செய்தேன், ஓடியது. அன்றிலிருந்து எந்த லைப்ரரி இல்லை என்றாலும் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த ஒன்றைத் தேடி, கேட்ட பெயரைச் சூட்டிவிடுவேன். பாதி நேரம் ஓடும். ஓடாத பாதியை நான் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

மாமாவின் கணினியிலும் அதையே செய்தேன். மடிக்கணினியின் லிப்சியைப் பென் டிரைவில் ஏற்றி வந்து, ரூட் ஷெல்லில் (முழு அதிகாரத்தோடு கட்டளை அடிக்கும் இடத்தில்) நின்றுகொண்டு, லிப்சி.எஸ்ஓ.6 என்ற சிம்லிங்கைப் பழைய 2.27-இலிருந்து எடுத்துப் புதிய 2.35-க்குத் திருப்பினேன். எந்தச் செய்தியும் இல்லாமல் அடுத்த வரி வந்தது. சரி, ஆகிவிட்டது என்று நினைத்து, கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ் அடித்தேன்.

எதுவும் எழவில்லை

எல்டி-லினக்ஸில் ஜிலிப்சி 2.35 இல்லை என்றது. எல்டி-லினக்ஸ் என்பது லோடர். எந்த நிரல் கிளம்பினாலும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடிக் கூட்டிவருவது அதன் வேலை. லிப்சியும் லோடரும் ஒரே பதிப்பாக, சேர்ந்து பிறந்த ஜோடியாக இருக்க வேண்டும். நான் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தேன். நகலெடுக்கும் சிபி அடித்தேன், அதே வரி. நகர்த்தும் எம்வி, அதே வரி. சிம்லிங்க் போடும் எல்என், அதே வரி. சிம்லிங்கைத் திருப்பி வைக்க எல்என் வேண்டும், எல்என் கிளம்ப லிப்சி வேண்டும், லிப்சி சரியாக வேண்டுமென்றால் சிம்லிங்கைத் திருப்ப வேண்டும்.

அந்தத் திரை இப்போதும் கண்ணில் நிற்கிறது. மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மவுஸ் அம்பு நகர்ந்தது. திறந்து வைத்திருந்த கணக்குத் தாளில் எண்களைத் தட்ட முடிந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் பழைய லிப்சியை நினைவகத்தில் பிடித்து வைத்திருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. புதிதாக எதுவும் எழ முடியாது, அவ்வளவுதான். கணினியை அணைத்தால் மறுபடி எழுந்திருக்காது என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

பின்னால் நின்ற மாமா, "என்ன மாப்ள, ஓடுதா?" என்றார். மணி பன்னிரண்டே முக்கால். "மாமா, இன்னைக்கு இந்த மெஷின்ல ஆகாது. நான்தான் ஒண்ணைக் கெடுத்துட்டேன். நீங்க கீயை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆன்லைன் சென்டருக்குப் போயிருங்க, அங்க போட்டுக் குடுப்பாங்க" என்றேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவிக் கொத்தை எடுத்து, மேசையிலிருந்த கோப்புக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டிவிஎஸ் எக்ஸெல்லைக் கிளப்பிப் போய்விட்டார். இரண்டே காலுக்குப் போட்டு முடித்துவிட்டதாகப் போன் வந்தது. அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு எப்படிப் போனது என்பதை விவரிக்க வேண்டாம்.

நல்லவேளையாக ரூட் ஷெல் இருந்த ஜன்னலை நான் மூடவில்லை. பேஷ் ஷெல்லுக்குள்ளேயே சில கட்டளைகள் உண்டு. சிடி, பிடபிள்யூடி, எக்கோ இவையெல்லாம் தனி நிரல்கள் இல்லை, ஷெல்லின் சொந்தக் கைகள். எக்கோ போட்டு ஒரு நட்சத்திரக் குறி கொடுத்தால் அந்தக் கோப்புறையில் இருக்கும் பெயர்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிடும். அப்படித்தான் லிப்சி-2.27.எஸ்ஓ பத்திரமாக அதே இடத்தில் கிடப்பதைப் பார்த்தேன். கோப்பு இருக்கிறது. அதைத் தொடத்தான் வழியில்லை.

போனில் தேடித் தேடி ஒரு வழி கண்டேன். எல்டி பிரீலோட் என்று ஒரு சூழல் மாறி இருக்கிறது. எந்த லைப்ரரியை அதில் எழுதுகிறோமோ அதை லோடர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஏற்றிக்கொள்ளும். ஒரு கட்டளைக்கு முன்னால் மாறியை எழுதுவது ஷெல்லின் வேலை, அதற்கு வேறு நிரல் தேவையில்லை. பழைய லிப்சி-2.27.எஸ்ஓ-வின் முழுப் பாதையை அதில் கொடுத்து, அதே வரியில் எல்என் அடித்து, சிம்லிங்கைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். எல்என் ஓடியது. எல்எஸ் அடித்தேன், கோப்புகள் வரிசையாக வந்தன. நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன்.

உள்ளே வெட்டியிருந்த பெயர்

கணினி பிழைத்துவிட்டது, ஆனால் ஒரு கேள்வி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எல்என் கேட்பது லிப்சி.எஸ்ஓ.6. நான் கொடுத்தது லிப்சி-2.27.எஸ்ஓ. பெயர் ஒத்துவரவே இல்லையே, லோடர் ஏன் ஏற்றுக்கொண்டது? முந்தின நிமிடம் வரை, கேட்ட பெயரில் ஒரு கோப்பு இருந்தால் போதும் என்றுதானே நான் நம்பிக்கொண்டிருந்தேன்? கேட்ட பெயரிலேயே கொடுத்தபோது எல்லாம் செத்தது, வேறு பெயரில் கொடுத்தபோது எழுந்தது.

விடை லைப்ரரியின் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு ஷேர்டு லைப்ரரியையும் செய்யும்போது அதற்குள் ஒரு பெயரைப் பதிக்கிறார்கள், எஸ்ஓநேம் என்று சொல்வார்கள். வெளியே கோப்பின் பெயர் லிப்சி-2.27.எஸ்ஓ என்று இருந்தாலும் உள்ளே பதித்திருப்பது லிப்சி.எஸ்ஓ.6. பிரீலோட் வழியாக அந்தக் கோப்பு முதலிலேயே ஏறிவிட்டது. அப்புறம் எல்என் தனக்கு லிப்சி.எஸ்ஓ.6 வேண்டும் என்று கேட்டபோது, லோடர் ஏறியிருந்தவற்றின் உட்பெயரைப் பார்த்து, இதோ வந்துவிட்டதே என்று விட்டுவிட்டது. கெட்டுப்போன சிம்லிங்க் பக்கம் அது போகவே இல்லை.

எங்கள் ஊர்ச் சங்கத்தில் ஓர் அறை நிறையப் பொதுப் பாத்திரங்கள் இருக்கும். கல்யாணம், காதுகுத்து என்றால் அங்கிருந்து எடுத்துப் போவார்கள். நூறு வீட்டுக்கும் தனித்தனியாகப் பெரிய அண்டா வாங்கி வைக்க முடியாது, வைக்க இடமும் இல்லை. சமைக்க வரும் தவசிப்பிள்ளை அறைக்குள் போனதும் அண்டாவின் கழுத்தைத் தடவி, அதில் உளியால் வெட்டியிருக்கும் எழுத்தையும் அளவையும் பார்ப்பார். மேலே யார் என்ன சாக்பீஸில் எழுதியிருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. ஷேர்டு லைப்ரரி என்பது அந்தப் பொதுப் பாத்திரம். எஸ்ஓநேம் என்பது வெட்டிய எழுத்து. நான் இத்தனை வருடம் சாக்பீஸை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

எஸ்ஓ-வுக்குப் பின்னால் வரும் எண்ணும் அலங்காரத்துக்கு இல்லை. பழைய நிரல்கள் நம்பியிருந்த ஏதாவது ஒன்று மாறினால்தான் அந்த எண் ஏறும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் லைப்ரரியில் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 போய் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 வந்தது என்றால், முன்பு பேசியதை இனி அப்படியே நம்பாதே என்று செய்தவர்களே அறிவிக்கிறார்கள் என்று அர்த்தம். லிப்சி மட்டும் 1997-இல் வந்த 6 என்ற எண்ணிலேயே லினக்ஸில் இன்றுவரை நிற்கிறது. எப்படி முடிகிறது என்றால், உள்ளே ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் தனியாகப் பதிப்பு எண் கட்டி வைத்திருக்கிறார்கள். 2010-இல் நடந்த ஒன்று இதற்கு நல்ல உதாரணம். நினைவகத்தை நகல் எடுக்கும் மெம்காப்பி என்ற செயல்பாட்டை வேகமாக்குவதற்காக மாற்றி எழுதினார்கள். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் 14-ஆம் பதிப்பில் ஃப்ளாஷ் வீடியோக்களின் ஒலி கரகரவென்று உடைந்தது. மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி, ஃப்ளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்த விவாதத்துக்குள் வந்து, பயனருக்கு வேலை செய்துகொண்டிருந்தது உடையக் கூடாது என்று வாதாடினார். கடைசியில் ஜிலிப்சி 2.14-இல் மெம்காப்பிக்குப் புதிய பதிப்பு எண் கொடுத்து, பழைய எண்ணைக் கேட்கும் நிரல்களுக்குப் பழைய, பாதுகாப்பான நடத்தையே கிடைக்கும்படி செய்துவிட்டார்கள். இவ்வளவு கவனத்தோடு காத்துவரும் ஒரு ஏற்பாட்டை நான் ஒரு சிம்லிங்கால் ஏமாற்றப் பார்த்தேன். மாமாவிடம் ஜிலிப்சி 2.34 இல்லை என்று வந்த வரியும் கோப்பு கேட்ட வரியில்லை. இந்த அமைப்பு எனக்குப் பழசு என்று அந்த மென்பொருள் தெளிவாகச் சொல்லியிருந்தது.

விண்டோஸில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். அங்கே ஷேர்டு லைப்ரரிக்கு டிஎல்எல் என்று பெயர். எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை என்று ஒரு பெட்டி வரும். உடனே தேடினால், அந்த ஒற்றை டிஎல்எல்லை இறக்கித் தருகிறேன் என்று வரிசையாகத் தளங்கள் நிற்கும். அங்கிருந்து எடுத்து சிஸ்டம்32-இல் போடச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கோப்பில் யார் என்ன கலந்திருக்கிறார்கள் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருப்பவை 64 பிட் டிஎல்எல்கள், 32 பிட் டிஎல்எல்கள் இருப்பது சிஸ்வாவ்64-இல். பெயரை நம்பினால் மாற்றித்தான் போடுவோம், அப்போது 0எக்ஸ்சி000007பி என்று இன்னும் புரியாத ஒரு பிழை வரும். அந்த டிஎல்எல் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பின் ஓர் உறுப்பு. அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் இறக்கி நிறுவினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

திரும்ப வந்த கடன்

தீபாவளி முடிந்த மறுநாள் மாமாவின் கணினியை முறையாக மேலேற்றினேன். 18.04-க்கான வழக்கமான ஆதரவு அந்த வருடம் மே மாதத்தோடு முடிந்திருந்தது, அதைக் கவனிக்காமல் விட்டதும் நான்தான். 18.04-இலிருந்து 20.04, அங்கிருந்து 22.04. நடுவில் பழைய பொதிகளை நீக்கவா என்று கேட்டதற்குச் சரி கொடுத்தேன். சாயங்காலம் கையெழுத்து மென்பொருள் திறந்தது. டோக்கனின் டிரைவர் திறக்கவில்லை. அதற்கு லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 வேண்டுமாம். 22.04-இல் இருப்பது 3.

கை தானாகவே எல்என் அடிக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். 3-க்கு 1.1 என்று பெயர் வைத்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 பதிப்பு இல்லை என்று சொல்லி அது நின்றிருக்கும், அப்படி நின்றால் நல்லது. உள்ளே பதிப்பு எண் கட்டாத லைப்ரரியாக இருந்தால் நிற்காமல் ஓடி, எங்கோ ஒரு மூலையில் தப்பான எண்ணைக் கையெழுத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கும். அதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது.

20.04-இன் களஞ்சியத்திலிருந்து அந்தப் பழைய லைப்ரரியின் பொதியை எடுத்தேன். நிறுவவில்லை. பொதியைப் பிரித்து, ஆப்ட் கோப்புறைக்குள் அந்த டிரைவருக்கென்று ஒரு இடம் ஒதுக்கி அதில் வைத்தேன். டிரைவரைக் கிளப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, எல்டி லைப்ரரி பாத் என்ற மாறியை அதற்குள் மட்டும் அந்த இடத்துக்குக் காட்டினேன். அந்த மாறியை எல்லா நிரல்களுக்கும் பொதுவாகப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. போட்டால் சம்பந்தமில்லாத நிரல்கள்கூடப் பழைய லைப்ரரியை எடுத்துக்கொள்ளும். டோக்கனில் சிவப்பு விளக்கு எரிந்தது, கையெழுத்து விழுந்தது.

அப்படியும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு அதைச் செய்தவர்கள் தரும் ஆதரவு 2023 செப்டம்பர் 11-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. 20.04-க்காக உபுண்டுக்காரர்கள் அதற்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாலும், நான் பிரித்து வைத்த பிரதிக்கு அது தானாக வந்து சேராது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, பொது லைப்ரரியை நம்பியிருந்த கணினிகளில் ஒரே ஒரு பொதியைப் புதுப்பித்து, ஓடிக்கொண்டிருந்தவற்றை மறுபடி கிளப்பினால் எல்லாமே சரியாகின. தனக்கென்று சொந்தப் பிரதி வைத்திருந்த மென்பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் தேடிப் பிடித்து மாற்ற வேண்டியிருந்தது. மென்பொருளோடு அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் சேர்த்துக் கட்டித் தரும் பிளாட்பேக், ஸ்நாப், ஆப்இமேஜ் எல்லாம் வந்து லைப்ரரி பிரச்சினையே ஒழிந்தது என்று சொல்கிறவர்களிடம் எனக்கு இருக்கும் தயக்கம் இதுதான். ஓடுகிறது என்பது உண்மை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் தனியாக வாங்கி வைத்த அண்டாவுக்கு ஈயம் பூச வேண்டியது அவரவர் பொறுப்பு. பொறுப்பெடுக்கிறவர் இருக்கிறாரா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எந்த லைப்ரரியை எதற்காக எங்கே வைத்தேன் என்று எழுதி, தேதி போட்டு, கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வந்தேன். டிரைவருக்குப் புதுப் பதிப்பு வந்தால் இந்தக் கோப்புறையை அழித்துவிட வேண்டும் என்று கடைசி வரி. ஊருக்குப் போகும்போதெல்லாம் முதலில் அந்த அட்டையைத்தான் பார்க்கிறேன்.

போன ஆடியில் மாமா போன் செய்தார். கட்டட வரைபடம் பார்க்கும் ஆப்இமேஜ் ஒன்றை யாரோ கொடுத்திருக்கிறார்கள், தட்டினால் திறக்கவில்லை. "டெர்மினல்ல போட்டுப் பார்த்தேன் மாப்ள. நீ சொன்ன மாதிரி ஒரு வரி வந்திருக்கு, வாசிக்கவா?" என்றார். கண்ணாடியைத் தேடி எடுக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, நடுவில் வரும் புள்ளியையும் விடாமல் வாசித்தார். லிப்ஃபியூஸ், புள்ளி, எஸ்ஓ, புள்ளி, ரெண்டு. ஆப்இமேஜைத் திறக்க உதவும் ஃபியூஸ் லைப்ரரியில் 22.04-இல் 3-தான் முதலிலேயே இருக்கும், ஆப்இமேஜுகள் பல 2-ஐக் கேட்கும். "மாமா, லிப்ஃபியூஸ்2-னு சேர்த்து அடிங்க. வெறும் ஃபியூஸ்னு அடிச்சிராதீங்க, அது டெஸ்க்டாப்புக்கு வேணுங்கிறதைத் தூக்கிரும்" என்றேன். அடித்தார். அடித்ததை எண்டர் தட்டுவதற்கு முன்னால் ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டினார். சரியாக இருந்தது.